நாற்காலியை விட்டேன், வேலையை விடவில்லை

ஓய்வு பெற்ற பிறகும் வேலைக்குப் போகிறேன் என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. "ஏன், பென்ஷன் போதலையா?" என்று நேராகவே கேட்பவர்கள் உண்டு. "பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று சுற்றி வளைப்பவர்களும் உண்டு. பணம் வருகிறது, பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். வேலை எனக்குத் தருவது வேறு சில. அவை என்ன, அவற்றைப் பெற வேலையை எப்படி மாற்றி அமைத்துக்கொண்டேன் என்று எழுதி வைக்கத் தோன்றியது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். இதில் சொல்லப்போகிற ஏற்பாடுகளில் பாதியை முன்கூட்டியே தொடங்கினால்தான் நடக்கும்.

என் தொழில் இயந்திரப் பராமரிப்பு. பம்பு, மோட்டார், புளோயர், கம்ப்ரஸர் என்று ஒரு தொழிற்சாலையில் சுழல்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. கடைசி ஆண்டுகளில் அந்தப் பிரிவுக்கே தலைமை என்பதால் கையெழுத்து, கூட்டம், பட்ஜெட் என்று பொழுது போனது. ஸ்பேனரைத் தொட்டே வெகு காலம் ஆகியிருந்தது. இப்போது வேறொரு சின்ன ஆலையில் வாரம் மூன்று நாள், காலை வேளை மட்டும் போகிறேன். பதவிப் பெயர் கிடையாது, தனி அறை கிடையாது. இளம் டெக்னீஷியன்களோடு நின்று பழுது பார்க்கிறேன், தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

இரண்டுக்கும் நடுவே சில மாதம் வீட்டில் இருந்தேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. தூக்கம் நிறைய, பேப்பரை முழுதாகப் படிக்கலாம், தள்ளிப்போட்ட பயணங்களைப் போய் வரலாம். போகப்போக நாளுக்கு விளிம்பு இல்லாமல் போனது. இன்று செய்யாவிட்டால் நாளை என்று எதையும் ஒத்திப்போட முடிந்தது. ஒத்திப்போட்டதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முழங்கால் வலி முன்பும் இருந்ததுதான். வேறு யோசனை இல்லாததால் அது பெரிதாகத் தெரிந்தது. எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது ஒன்று: என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "இது ஏன் இப்படி ஆகுது?" என்று ஒருவர் வந்து நின்று, நான் யோசித்துப் பதில் சொல்லி, அந்தப் பதிலால் ஒரு காரியம் நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இது வெறும் மனப்பிரமையா என்று தேடிப் படித்தேன். பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வரும் 'வைட்ஹால் 2' ஆய்வின் தரவை வைத்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. படித்த, கேட்ட சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் திறன், ஓய்வுக்கு முன்பு தேய்ந்ததைவிட ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாகத் தேய்ந்தது என்கிறது அது. வயதால் வரும் தேய்மானத்தைக் கழித்த பிறகும் இந்த வேறுபாடு இருந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இன்னொரு செய்தியும் அதில் உண்டு. உயர் பதவியில் இருந்தவர்களுக்கு வேலையில் இருந்தவரை இந்தத் தேய்மானம் குறைவாக இருந்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆக, பெரிய பதவியில் இருந்தோம் என்பது மூளைக்குச் சேமிப்பாக நம்மோடு வருவதில்லை. இன்றைக்கு மூளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் சுமார் 14,000 பேரை ஓய்வுக்கு ஏழாண்டு முன்பிருந்து ஏழாண்டு பின்புவரை பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஓய்வுக்குப் பின் அவர்களுக்கு உடல் சோர்வும் மன அழுத்த அறிகுறிகளும் கணிசமாகக் குறைந்தன. நாள்பட்ட நோய்களில் ஓய்வால் மாற்றம் ஏற்படவில்லை. உடம்பைப் பிழிகிற வேலை, இரவு ஷிப்ட், நெருக்கடி கொடுக்கும் மேலதிகாரி என்று இருந்தவர்களுக்கு ஓய்வு ஒரு விடுதலைதான். தவிர, ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் நீண்ட நாள் வேலையில் தங்குகிறார்கள். அதனால் 'வேலை செய்பவர் ஆரோக்கியமாக இருக்கிறார்' என்ற புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். பழைய வேலையை அப்படியே நீட்டிப்பது ஒரு பயனும் தராமல் போகலாம், கெடுதலும் செய்யலாம். அதிகாரம், நெருக்கடி, நேரம் காலம் இல்லாத அலைச்சல் எல்லாம் நாற்காலியோடு வருபவை. யோசிப்பதும் கை வேலையும் நாலு பேரோடு சேர்ந்து ஒன்றை முடிப்பதும் தொழிலோடு வருபவை. முதலாவதை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடிந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிந்தைய வேலை பெரிய வரம்.

பெயர் பெற்றவர்களில்கூட இதைப் பார்க்கலாம். லித்தியம்-அயன் பேட்டரிக்கு அடிப்படையான கேத்தோடு (பேட்டரியின் நேர்மின் முனை) பொருளை 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த ஜான் குடினஃப், அங்கே கட்டாய ஓய்வு நெருங்கியபோது 1986-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார். 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு 97 வயது. ரயில்வேயிலிருந்து 1990-இல் ஓய்வு பெற்ற ஈ. ஸ்ரீதரன் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அதன் பிறகுதான் செய்தார். இருவரும் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. தொழிலைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். நம் அளவு சின்னது என்றாலும் நகர்ந்த முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

புதிய ஆலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பம்பின் மோட்டாரில் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும் பையன் சுறுசுறுப்பானவன், மோட்டார் தண்டையும் பம்புத் தண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்த உதவும் லேசர் அலைன்மென்ட் கருவியை என்னைவிட நன்றாகக் கையாளுவான். "சார், பேரிங்கே மட்டமான சரக்கு சார். வேற கம்பெனிதான் வாங்கணும்" என்று வந்தான். "வாங்கலாம்பா. அதுக்கு முன்னாடி மோட்டாரோட காலைப் பாத்துடலாம்" என்றேன்.

மோட்டாருக்கு நான்கு கால். நான்கையும் போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை ஒரு காலின் மேல் வைத்து, அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்த வேண்டும். முள் அசையாமல் இருந்தால் அந்தக் கால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அது அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். மூன்று காலில் முள் அசையவில்லை. நான்காவதைத் தளர்த்தியதும் முள் விறுவிறுவென்று ஓடியது. கழற்றிப் பார்த்தால் காலுக்கு அடியில் துருவும் பழைய பெயின்ட்டும், யாரோ எப்போதோ செருகிய வளைந்த ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) ஒன்றும் இருந்தன. அந்தரத்தில் நிற்கும் காலை போல்ட் போட்டு இழுத்து முறுக்கினால் மோட்டார் உடம்பே லேசாகத் திருகிக்கொள்ளும், பேரிங் உட்காரும் வட்டம் கோணலாகும். அதற்குள் எவ்வளவு விலையுயர்ந்த பேரிங்கைப் போட்டாலும் நிற்காது. சுத்தம் செய்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, அவன் கையாலேயே ஷிம் வெட்டிப் போட்டு, பிறகு அலைன்மென்ட் செய்தான். ஓட்டியபோது அதிர்வு அளவு இறங்கியதை அவனே படித்துச் சொன்னான். அவன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு எந்தப் பதவி உயர்விலும் கிடைக்காதது.

உளவியலாளர் ரேமண்ட் கட்டெல் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய புதிரைச் சட்டென்று அவிழ்க்கும் வேகம் ஒன்று. பார்த்துப் பழகித் திரண்ட அறிவு இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டுக் குறையத் தொடங்குகிறது. இரண்டாவது அறுபதுகளிலும் நன்றாக நிற்கிறது. அந்த மோட்டாரில் நடந்ததும் அதுதான். அந்தப் பையனுக்கு வேகம் இருந்தது. எனக்கு எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றதால் அன்றைக்கே வேலை முடிந்தது. எனவே ஓய்வுக்குப் பின் வேலை தேடும்போது, வேகத்துக்குப் போட்டி போடுகிற இடத்தைத் தவிர்த்து, பார்த்துப் பழகியதற்கு மதிப்புள்ள இடத்தைத் தேடுங்கள். கணக்கர் என்றால் தணிக்கைக்கு முன் சரிபார்ப்பது, செவிலியர் என்றால் புதியவர்களுக்குப் பயிற்சி, ஆசிரியர் என்றால் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம். எல்லாத் தொழிலிலும் இப்படி ஒரு மூலை உண்டு.

கற்றுக்கொள்வதும் ஒரு வழிப் பாதையாக இருக்கக் கூடாது. அதிர்வை அளந்து கணினியில் வரைபடமாகப் பார்க்கும் முறை என் காலத்தில் வெளி நிபுணர்கள் வந்து செய்வது. இப்போது அந்தப் பையன்களிடம்தான் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். புரியாவிட்டால் "இன்னொரு தடவை காட்டுப்பா" என்று கேட்டுவிடுவேன். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர்களும் என்னிடம் கூச்சமில்லாமல் கேட்க வந்தார்கள்.

என்னைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர்தான் அங்கே மேலாளர். இதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முடிவு அவருடையது என்பதை முதல் நாளே மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் அவருடைய அறையில், தனியாக, ஒரே ஒரு முறை சொல்வேன். பிறகு அவர் எடுத்த முடிவுப்படியே வேலை. ஆட்கள் முன்னால் "நாங்க இதை வேற மாதிரி செய்வோம்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. பழைய நிறுவனத்தின் பெருமையை யாராவது கேட்டால் ஒழிய எடுப்பதில்லை. அவரும் என்னை "சார்" என்றுதான் அழைக்கிறார், நானும் அவரை "சார்" என்றுதான் அழைக்கிறேன். அது எங்கள் இருவருக்கும் எளிதாக இருக்கிறது.

வயதானவர்கள் விலகாவிட்டால் இளைஞர்களுக்கு வேலை எங்கே என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பொருளாதார நிபுணர்கள் ஜோனதன் குருபரும் டேவிட் வைஸும் 12 நாடுகளின் தரவை ஒருங்கிணைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் அதிகம் வேலை செய்வதால் இளைஞர்களின் வேலை குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நாட்டளவில் இது ஆறுதலான செய்தி. ஆனால் ஒரே நிறுவனத்துக்குள், ஒரே பதவியை ஒருவர் எழுபது வயது வரை பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்தவரின் உயர்வு தள்ளித்தான் போகும். என் பிரிவில் எனக்கு அடுத்து இருந்தவருக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று நீட்டிப்பு கேட்காமல் வெளியே வந்ததில் எனக்கு முழுத் திருப்தி.

அடுத்து உடம்பு. மனசு முப்பதில் நிற்கலாம், கண் நிற்காது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். சேர்ந்ததும் நான் கேட்டு வாங்கிய முதல் பொருள் பணிமேசைக்கு ஒரு நல்ல விளக்கு. கைதூரத்தில் வேலை செய்ய ஏற்றபடி தனிக் கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொண்டேன். படிக்கும் கண்ணாடி அந்தத் தூரத்துக்குச் சரிப்படாது. ஏணி ஏறுவதில்லை, கனம் தூக்குவதில்லை, இரவில் கூப்பிட்டால் போனில் வழி சொல்வேனே தவிர நேரில் போவதில்லை. இவற்றைச் சேரும்போதே சொல்லிவிட்டேன். சொல்லாமல் சேர்ந்துவிட்டு ஒவ்வொன்றாக மறுத்தால்தான் மனஸ்தாபம் வரும். தினமும் நடப்பதோடு கால், இடுப்புத் தசைக்கு எடைப் பயிற்சியும் செய்கிறேன். வயதாக ஆகத் தசை கரைகிறது. தசை போனால் நிலை தடுமாறும், விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுவனம் நடத்துபவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் உள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007-இல் ஒரு உற்பத்தி வரிசையில் வேண்டுமென்றே நடுத்தர வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை நிறைய அமர்த்தினார்கள். மரத் தரை, உயரம் மாற்றக்கூடிய மேசை, நின்று அலுத்தால் உட்கார நாற்காலி, சின்ன எழுத்தைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். பெரும்பாலானவை தொழிலாளர்களே சொன்னவை. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. பெரிய செலவு எதுவும் ஆகவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பகுதி நேரச் சம்பளம் பழைய சம்பளத்தில் சிறு பங்குதான். அதன் பலன் வேறு இடத்தில் தெரிகிறது: சேமிப்பைத் தொட வேண்டியதில்லை. சேமிப்பு 100 என்றும் அது ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் செலவுக்கு 8 எடுத்தால் ஐந்தாண்டு கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 94. ஐந்தாண்டும் எடுக்காமல் விட்டால் 140. வீட்டுச் செலவை மட்டும் சமாளிக்கிற ஒரு சின்ன வருமானம் செய்யும் வேலை இது. சில நாடுகளில் ஓய்வூதியத்தையே தள்ளிப்போட்டு வாங்கலாம். அமெரிக்காவில் முழு ஓய்வு வயதுக்குப் பிறகு 70 வரை தள்ளினால் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடுகிறது; ஜப்பானில் 2022 முதல் 75 வயது வரை தள்ள முடிகிறது. அதே சமயம், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே சம்பாதித்தால் ஓய்வூதியத்தில் பிடிக்கும் விதிகளும் உண்டு. உங்களுக்குப் பொருந்தும் விதியை வேலைக்குச் சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

தெரிந்தவர் என்பதற்காக வாய்வார்த்தையில் சேர வேண்டாம். நாட்கள், நேரம், சம்பளத் தேதி, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, காப்பீடு உண்டா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒரே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்குத் தெரிந்த ஒருவர் நட்புக்காகச் சேர்ந்தார். ஆலோசனைக்கு என்று ஆரம்பித்தது முழுநேரமாகி, ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் வேலையும் போயிற்று, நட்பும் போயிற்று.

வீட்டில் இருப்பவர்களையும் கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். என் மனைவி பல வருடம் எனக்காகக் காத்திருந்து போட்ட திட்டங்கள் இருந்தன. மூன்று நாள், காலை மட்டும் என்ற அளவு எங்கள் இருவருக்கும் இடையே பேசி வந்ததுதான். மதியங்களும் மற்ற நாட்களும் வீட்டுக்கு. அந்த நேரத்தில் ஆலையிலிருந்து வரும் போனை, அவசரம் இல்லையென்றால், எடுப்பதில்லை.

சம்பள வேலை கிடைக்காதவர்களும் உடம்பு இடம் கொடுக்காதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த பலனில் பெரும் பகுதி குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட இடம், நம்மை எதிர்பார்க்கிற ஆட்கள் என்ற மூன்றிலிருந்து வந்தது. நூலகத்தில், பள்ளியில், ஒரு சங்கத்தின் கணக்கு வேலையில் இந்த மூன்றும் கிடைக்கும். இஷ்டப்பட்டால் போகலாம், இல்லாவிட்டால் விடலாம் என்கிற மாதிரி வைத்துக்கொண்டால் மட்டும் பலன் பாதியாகிவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் சேரும்போதே யோசித்து வைத்தேன். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும் முன் முழு உடல் பரிசோதனையும் காது, கண் பரிசோதனையும் செய்துகொள்கிறேன். இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டு போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் உயிர் காக்கும் விதி. அதை நான் ஒரு தடவை மறந்தாலும் உடனே தன்னிடம் சொல்லும்படி மேலாளர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார், அது என் வேண்டுகோளின் பேரில்தான். அது நடக்கும் நாளே எனக்குக் கடைசி நாள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எப்போது என்ன பழுது, காரணம் என்ன, எப்படிச் சரியாயிற்று என்ற பதிவை அந்தப் பையன்களே அவர்கள் வார்த்தையில் எழுதுகிறார்கள். நான் அதைப் படித்துப் பார்த்து, விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று நாளை இரண்டாக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படி நான் விடும் ஒரு காலை வேளையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அலைன்மென்ட் வகுப்பை, ஷிம் வெட்டிப் போட்ட அந்தப் பையனே எடுக்கப் போகிறான்.